வீடியோ எடிட்டிங்கிற்கான கிராபிக்ஸ் கார்டு: குடா, ஓப்பன்சிஎல், மெட்டல் பொருத்தத்தைச் சரிபார்ப்பது எப்படி?

“இந்தக் கார்டில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் ஓடுமா?” என்பது ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. கார்டு எந்தக் கணிப்பு முறையில் வேலை செய்கிறது, அந்த முறையின் எந்தப் பதிப்பு வரை அதன் டிரைவர் (கார்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தருகிறது, உங்கள் கேமரா எழுதும் கோப்பைப் பிரிப்பதற்கான தனிச் சுற்று அந்தக் கார்டில் இருக்கிறதா, கார்டின் நினைவகம் உங்கள் டைம்லைனுக்குப் போதுமா என்பவையே அவை. ஒன்றில் தேறிய கார்டு மற்றொன்றில் தவறிவிடலாம். கடைக்காரர் பொதுவாக முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் அதிகம் செலவழித்தும் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்று வருந்துபவர்களில் பலர் சறுக்குவது மூன்றாவது கேள்வியில்தான். எனவே இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த மென்பொருளுக்கு எந்த முறை

கார்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகங்களிடம் கலர் கிரேடிங், அளவு மாற்றம், மங்கலாக்கல் போன்ற வேலைகளை ஒப்படைக்க மென்பொருளுக்கு ஒரு பொது வழி வேண்டும். அந்த வழியைத்தான் கணிப்பு முறை என்கிறோம். என்விடியா 2007-இல் வெளியிட்ட குடா, அந்த நிறுவனத்தின் கார்டுகளில் மட்டுமே இயங்கும். ஆப்பிள் தொடங்கி வைத்து, குரோனோஸ் குழுமம் பொதுத் தரமாக்கிய ஓப்பன்சிஎல்லின் முதல் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றும் அதை ஏற்கின்றன. ஆப்பிளோ தன் சொந்த மெட்டலை 2014-இல் ஐபோனுக்கும் அடுத்த ஆண்டு மேக் கணினிக்கும் கொண்டுவந்துவிட்டு, 2018-இல் மொஹாவி பதிப்போடு ஓப்பன்சிஎல்லை வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டது.

நடைமுறையில் இதன் விளைவு எளிமையானது. விண்டோஸில் என்விடியா கார்டு இருந்தால் குடா, ஏஎம்டி அல்லது இன்டெல் ஆர்க் கார்டு இருந்தால் ஓப்பன்சிஎல், மேக் என்றால் மெட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். அடோபி பிரீமியர் ப்ரோவும் டாவின்சி ரிசால்வும் இந்த மூன்றையும் ஏற்கின்றன. ஃபைனல் கட் ப்ரோ மெட்டலில் மட்டுமே இயங்குகிறது. கேடென்லைவ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பாலான எஃபெக்டுகளைச் சிபியுவே செய்கிறது, கார்டின் உதவி முக்கியமாக எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் கிடைக்கும். ஆகவே கேடென்லைவ் மட்டும் பயன்படுத்துபவர் விலையுயர்ந்த கார்டுக்குப் பதிலாக நல்ல சிபியுவில் பணத்தைப் போடுவதே மேல்.

ஓப்பன்சிஎல் எல்லாக் கார்டுகளிலும் ஓடுவதால் அதுவே பாதுகாப்பான தேர்வு என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. தரம் திறந்தது என்பது ஒன்று, அதைக் கார்டு நிறுவனம் எவ்வளவு அக்கறையோடு தன் டிரைவரில் செயல்படுத்துகிறது என்பது வேறொன்று. 2020-இல் வந்த ஓப்பன்சிஎல் 3.0, 1.2 பதிப்பின் வசதிகளை மட்டும் கட்டாயமாக்கி, 2.0 தொட்டு வந்த கூடுதல் வசதிகளையெல்லாம் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. ஆகவே பெட்டியில் 3.0 என்று அச்சிட்டிருப்பதை வைத்து அந்தக் கார்டு 2.0 வசதிகள் அனைத்தையும் தரும் என்று முடிவுகட்ட முடியாது. எடிட்டிங் மென்பொருள்கள் தங்கள் குறைந்தபட்சத் தேவையில் 1.2 என்று குறிப்பிடுவதன் காரணமும் இதனோடு ஒட்டியதுதான். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலேயே தன் சைக்கிள்ஸ் ரெண்டரரிலிருந்து ஓப்பன்சிஎல்லை நீக்கிவிட்டு, ஏஎம்டி கார்டுகளுக்கு ஹிப் என்ற வேறு வழிக்குப் போய்விட்டது. எடிட்டிங்கோடு பிளெண்டரையும் பயன்படுத்துபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தனியாக வாங்கிச் சேர்க்கும் பிளக்-இன்களுக்கு அவற்றுக்கென்று தனித் தேவை உண்டு. மென்பொருள் ஏஎம்டி கார்டில் நன்றாக ஓடினாலும், குடாவுக்காக மட்டும் எழுதப்பட்ட பழைய பிளக்-இன் ஒன்று அதில் சிபியுவுக்கு இறங்கிவிடும், அல்லது திறக்கவே திறக்காது. எனவே பிளக்-இன்னின் தேவைப் பட்டியலையும் தனியே படித்துப் பாருங்கள்.

அமைப்பில் எங்கே பார்ப்பது

பிரீமியர் ப்ரோவில் ஃபைல் மெனுவின் புராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் ரெண்டரர் என்ற தேர்வு இருக்கும். அதில் மெர்குரி பிளேபேக் எஞ்சின் என்ற பெயரின் பக்கத்தில் குடா, ஓப்பன்சிஎல் அல்லது மெட்டல் என்று எழுதியிருந்தால் மென்பொருள் கார்டை அடையாளம் கண்டிருக்கிறது. “சாஃப்ட்வேர் ஒன்லி” மட்டுமே தெரிந்தால் கார்டு ஏற்கப்படவில்லை, முழுச் சுமையும் சிபியுவின் மேல் விழுகிறது. 2010-இல் சிஎஸ்5 பதிப்பில் இந்த எஞ்சின் அறிமுகமானபோது குடாவை மட்டுமே ஏற்றது. அதிலும் ஒரு எழுத்துக் கோப்பில் பெயர் குறிப்பிட்டிருந்த சில கார்டுகளுக்கு மட்டும்தான் வேகம் கிடைத்தது. அந்தக் கோப்பைத் திறந்து தங்கள் கார்டின் பெயரைக் கையால் சேர்த்து வேலை பார்த்தவர்கள் அந்நாளில் ஏராளம். அந்த உத்தியைச் சொல்லித்தரும் பழைய பாடங்கள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. இன்றைய பதிப்புகளுக்கு அது தேவையில்லை.

ரிசால்வில் பிரிஃபரன்ஸஸ், சிஸ்டம், மெமரி அண்ட் ஜிபியு என்ற பக்கத்துக்குப் போனால் ஜிபியு புராசஸிங் மோட் என்ற தேர்வு தெரியும். “ஆட்டோ” என்பதிலேயே விட்டால் பெரும்பாலும் சரியானதை அதுவே எடுத்துக்கொள்ளும். என்விடியா கார்டில் ஓப்பன்சிஎல்லுக்கு மாற்றிப் பார்ப்பது பழுதைக் கண்டறியும் ஒரு வழியாக மட்டும் இருக்கட்டும். குடாவில் வரும் பிழை ஓப்பன்சிஎல்லில் மறைந்துவிட்டால், கோளாறு கார்டின் வன்பொருளில் இருப்பதைவிட டிரைவரில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

லேப்டாப்பில் இன்னொரு படி இருக்கிறது. அதில் பெரும்பாலும் சிபியுவோடு ஒட்டிய கிராபிக்ஸ் ஒன்று, தனிக் கார்டு ஒன்று என இரண்டு இருக்கும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் கிராபிக்ஸ் என்ற பக்கத்தில் எடிட்டிங் மென்பொருளைச் சேர்த்து, அதற்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தனிக் கார்டு சும்மா இருக்க, மின்சாரத்தைச் சேமிக்கும் சிறிய கிராபிக்ஸே எல்லாச் சுமையையும் இழுத்துக்கொண்டிருக்கும்.

பதிப்பும் டிரைவரும்

ஒவ்வொரு என்விடியா கார்டுக்கும் குடா கணிப்புத் திறன் எண் ஒன்று உண்டு. 2012-இல் வந்த கெப்ளர் தலைமுறையின் ஜிடிஎக்ஸ் 680-க்கு 3.0, பாஸ்கல் தலைமுறையின் ஜிடிஎக்ஸ் 1080-க்கு 6.1, ஆம்பியர் தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 8.6. இந்த எண் கார்டின் சிப்பிலேயே பதிந்தது, எந்தப் புதுப்பிப்பாலும் உயராது. அதே நேரம் குடாவின் புதிய பதிப்புகள் பழைய எண்களைக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன. குடா 12 கெப்ளரை முற்றாக விட்டுவிட்டது. 2025-இல் வந்த குடா 13 மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றையும் விட்டுவிட்டது. கெப்ளருக்கான கடைசி டிரைவர் வரிசை 470, அது குடா 11.4 வரைதான் தரும். ஆகவே பழைய கார்டை மலிவு விலையில் வாங்குபவர், தான் பயன்படுத்தப்போகும் மென்பொருளின் பதிப்பு எந்தக் குடா பதிப்பைக் கேட்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். பழைய கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால், மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஓடும் பதிப்பிலேயே நிறுத்திக்கொள்வதும் மதிப்பான வழிதான்.

உங்கள் டிரைவரின் நிலையை அறிய விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டிலோ லினக்ஸ் டெர்மினலிலோ “என்விடியா-எஸ்எம்ஐ” கட்டளையை, சிறிய ஆங்கில எழுத்துகளில் நடுவே இணைப்புக்கோட்டுடன், தட்டுங்கள். திரையில் விரியும் கட்டத்தின் தலைப்பகுதியில் டிரைவரின் எண்ணும், அதன் வலப்பக்கத்தில் குடாவின் எண் ஒன்றும் தெரியும். அந்தக் குடா எண், டிரைவர் அதிகபட்சமாக ஏற்கக்கூடிய பதிப்பைக் குறிக்கிறதே தவிர, கணினியில் நிறுவப்பட்டிருக்கும் பதிப்பைக் குறிப்பதில்லை. மென்பொருள் குடா 12 கேட்கும்போது அங்கே 11 என்று தொடங்கும் எண் தெரிந்தால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். 12-ஆம் பதிப்புக்கு 525 வரிசை அல்லது அதற்குப் பிந்திய டிரைவர் தேவை. மாறாக, டிரைவர் புதிதாகவும் மென்பொருள் கேட்கும் குடா பழையதாகவும் இருந்தால் சிக்கல் இல்லை.

குடா டூல்கிட் என்ற பெரிய தொகுப்பைத் தனியே இறக்கி நிறுவச் சொல்லும் அறிவுரையையும் அடிக்கடி காண்கிறோம். அது நிரல் எழுதுபவர்களுக்கானது. எடிட்டிங் மென்பொருள் தனக்கு வேண்டிய பகுதியைத் தானே கொண்டுவருகிறது, நீங்கள் தர வேண்டியது சரியான டிரைவர் மட்டும்தான். என்விடியா தரும் கேம் ரெடி, ஸ்டூடியோ என்ற இரண்டு டிரைவர்களில் எடிட்டிங் வேலைக்கு ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் நிற்கும் வேலை ஒன்று கையில் இருக்கும்போது டிரைவரையும் மென்பொருளையும் ஒரே நாளில் புதுப்பிக்க வேண்டாம். பிழை எழுந்தால் எதனால் எழுந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

கோப்பைப் பிரிக்கும் சுற்று

குடாவோ ஓப்பன்சிஎல்லோ வேலை செய்வது, கோப்பிலிருந்து படம் பிரிந்து வந்த பிறகுதான். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளான எச்.264, எச்.265 ஆகியவற்றில் எழுதிய கோப்புகளில் பெரும்பாலான சட்டகங்கள் முழுப் படமாக இருப்பதில்லை, முன்பின் சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாகவே இருக்கின்றன. அவற்றைப் பிரித்து முழுப் படமாக்க, கணிப்பகங்களிலிருந்து வேறான தனிச் சுற்று ஒன்று சிப்பில் இருக்கிறது. என்விடியாவில் பிரிப்பதற்கு என்விடெக், எழுதுவதற்கு என்வெங்க். இன்டெல்லில் 2011 முதல் குவிக் சிங்க். ஏஎம்டியில் விசிஎன். குடா எண் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், உங்கள் கோப்பின் வகையை இந்தச் சுற்று ஏற்காவிட்டால் பிரிக்கும் வேலை சிபியுவுக்குப் போய்விடும்.

இங்கேதான் 4:2:2 10-பிட் கோப்புகள் (வழக்கமான 4:2:0 8-பிட்டைவிட நிறத்தை நுணுக்கமாகப் பதிபவை) வந்து மோதுகின்றன. சோனி ஏ7எஸ் III, கேனான் இஓஎஸ் ஆர்5 போன்ற கேமராக்கள் பரவிய பிறகு கல்யாண வீடியோ எடுப்பவர்கள்கூட இந்த முறையில் பதிவு செய்கிறார்கள். நிறத் தகவல் அதிகம் இருப்பதால் கிரேடிங்கில் அது நன்றாகத் தாங்கும். ஆனால் என்விடியா கார்டுகள் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்பு வரை 4:2:2 கோப்புகளை, எச்.264 ஆனாலும் எச்.265 ஆனாலும், தங்கள் சுற்றில் ஏற்கவே இல்லை. அந்நாளில் உச்ச விலையில் விற்ற ஆர்டிஎக்ஸ் 4090-க்கும் இதே நிலைதான். அதே சமயம் இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைச் சிபியுவில் உள்ள சாதாரண உள் கிராபிக்ஸ் எச்.265 4:2:2 10-பிட்டைத் தடையின்றிப் பிரிக்கிறது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் அப்படியே. உள் கிராபிக்ஸ் அந்தக் கோப்பை ஓடவிடும்போது உச்ச விலைக் கார்டு திணறுவதைக் கண்டு கார்டு பழுது என்று கடைக்கு எடுத்துச் செல்வதில் பயனில்லை.

எனவே கார்டைத் தேடும் முன் உங்கள் கோப்பை அறியுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கேமராவின் கோப்பு ஒன்றைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள்: கோடெக் (சுருக்கும் முறை) எது, குரோமா சப்சாம்பிளிங் 4:2:0-ஆ 4:2:2-ஆ, பிட் டெப்த் 8-ஆ 10-ஆ. 4:2:0 8-பிட் எச்.264 என்றால் கவலை வேண்டாம், சந்தையில் இன்று புதிதாகக் கிடைக்கும் ஏறக்குறைய எந்தக் கார்டும் போதும். 4:2:2 10-பிட் எச்.265 என்றால் உள் கிராபிக்ஸ் கொண்ட 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் சிபியு, ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு, ஆப்பிள் சிப் ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். 4:2:2 10-பிட் எச்.264 என்றால் பெரும்பாலான இன்டெல் சிபியுக்களில் குவிக் சிங்க் கைகொடுக்காது. அந்த நிலையில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வேண்டும், அல்லது பிராக்ஸி (எடிட் செய்வதற்கு மட்டுமான இலகுவான நகல்) செய்துகொள்ள வேண்டும்.

கேமரா இரண்டு கோடெக்கையும் தந்தால் கணினிக்கு ஏற்றதைக் கேமராவிலேயே தேர்ந்துகொள்ளலாம். ஏ7எஸ் III-இல் எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. ஆனால் நம் நாட்டில் வழக்கமான ‘பால்’ என்ற ஒளிபரப்பு முறையில் கேமராவை வைத்திருந்தால் எச்எஸ் 4கே-யில் நொடிக்கு 25 சட்டகம் என்ற தேர்வு கிடையாது, 50-இல்தான் எடுக்க வேண்டும். கோப்பைப் பிரிக்கும் வேலையும் அதற்கேற்பக் கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்டெல் சிபியு வாங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. மாடல் எண்ணின் இறுதியில் “எஃப்” என்ற எழுத்து இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் இல்லை, ஆகவே குவிக் சிங்கும் இல்லை. சற்று மலிவாகக் கிடைக்கிறதே என்று எஃப் வகையை எடுப்பவர், எடிட்டிங்கில் மிகவும் பயன்படும் பகுதியை இழந்துவிடுகிறார். எஃப் இல்லாத சிபியு இருந்தும் உள் கிராபிக்ஸ் தெரியவில்லை என்றால், தனிக் கார்டு மாட்டியதும் மதர்போர்டு அதை அணைத்துவிட்டிருக்கலாம். பயாஸில் உள் கிராபிக்ஸை இயக்கத்திலேயே வைக்கும் தேர்வைத் தேடி மாற்றிவிட்டு, இன்டெல் டிரைவரையும் நிறுவுங்கள். பிறகு பிரீமியரின் பிரிஃபரன்ஸஸ், மீடியா பகுதியிலும், ரிசால்வின் டிகோட் ஆப்ஷன்ஸ் பக்கத்திலும் வன்பொருள் டிகோடிங்கில் இன்டெல்லுக்கான குறியை இடுங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் இந்த வசதியை முழுமையாகத் தருவதில்லை, கட்டணம் செலுத்தும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். இதற்காகவே கார்டை மாற்ற நினைப்பவர், கார்டின் விலையோடு ஸ்டூடியோ உரிமத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எக்ஸ்போர்ட் பக்கத்திலும் இதே கவனம் தேவை. ஜிடி 1030-இல் குடா உண்டு, என்வெங்க் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் ஓப்பன்சிஎல் உண்டு, எச்.264 எழுதும் சுற்று கிடையாது. ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறையில் எழுத வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் 40, ஆர்எக்ஸ் 7000, இன்டெல் ஆர்க் வரிசைகளிலிருந்துதான் தொடங்க முடியும்.

நினைவகம்

ரிசால்வ் ஒவ்வொரு படப்புள்ளியின் ஒவ்வொரு நிற அலைவரிசையையும் 32-பிட் எண்ணாக வைத்துக் கணக்கிடுகிறது. 3840-ஐ 2160-ஆல் பெருக்கி, நான்கு அலைவரிசைகளுக்கும், ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் என்று கணக்கிட்டால் ஒரே ஒரு 4கே சட்டகம் ஏறத்தாழ 133 எம்பி பிடிக்கிறது. எச்டி சட்டகம் 33 எம்பிதான். முன்பின் சட்டகங்களை ஒப்பிட்டு இரைச்சலை நீக்கும் டெம்பரல் நாய்ஸ் ரிடக்ஷன் ஐந்து சட்டகங்களை ஒரே நேரத்தில் பிடித்து வைத்தால் அதற்கே 660 எம்பிக்கு மேல் போய்விடும். அதன்மேல் அடுக்கும் ஒவ்வொரு நோடும் (ரிசால்வில் ஒரு திருத்தம் அமரும் பெட்டி) தனக்கும் இடம் கேட்கும். ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது என்ற பிழைச் செய்தி இப்படித்தான் வருகிறது.

என் கணிப்பில் எச்டி வேலைக்கு 4 ஜிபி ஒப்பேற்றும், 4கே-க்கு 8 ஜிபி வேண்டும், இரைச்சல் நீக்கமும் ஏஐ கருவிகளும் அன்றாடம் பயன்பட்டால் 12 ஜிபிக்குக் குறைய வேண்டாம். விளையாட்டுகளில் வேகமான கார்டே எடிட்டிங்கிலும் மேலானது என்று நினைக்க வேண்டாம். 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060, அதைவிட வேகமான 3060 டிஐயின் 8 ஜிபி நிறைந்து நின்றுவிடும் டைம்லைன்களில் தொடர்ந்து ஓடும். நினைவகம் போதாதபோது புதுக் கார்டுக்கு ஓடுமுன், டைம்லைன் தெளிவை எச்டிக்கு இறக்கி எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் 4கே-க்கு ஏற்றிப் பாருங்கள். இரண்டு கார்டுகளைப் போட்டால் நினைவகம் இரட்டிப்பாகாது. ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே கார்டைத்தான் பயன்படுத்தும்.

லினக்ஸில்

என்விடியா கார்டு இருந்தால் நிறுவனத்தின் சொந்த டிரைவர் கட்டாயம். கட்டற்ற நூவோ டிரைவரில் குடா கிடைக்காது. ஏஎம்டி கார்டு இருந்தால் படம் காட்டும் டிரைவர் தானாக வந்துவிடும், ஆனால் ஓப்பன்சிஎல் தனியே வேண்டும். ஏஎம்டியின் ராக்எம் தொகுப்பில் உள்ள ஓப்பன்சிஎல் பகுதியை நிறுவிவிட்டு, “சிஎல்இன்ஃபோ” கட்டளையால் பிளாட்ஃபார்ம்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை என்பதையும், உங்கள் கார்டின் பெயர் கருவியாகத் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளை ஏற்பதில்லை என்பது நெடுநாளைய கட்டுப்பாடு. ஏஏசி ஒலியும் அங்கே சிக்கல்தான். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றுக் கருவியைக் கொண்டு படத்தை எடிட்டிங்கிற்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவும் ஒலியைப் பிசிஎம் ஆகவும் மாற்றிக்கொண்டால் வேலை நடக்கும், வட்டில் இடம் பல மடங்கு வேண்டும்.

வாங்கிய பின் சோதிப்பது

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் தாவலில் ஜிபியுவைத் திறந்தால் முதலில் தெரிவது “3டி” வரைபடம். அது தாழ்ந்திருப்பதை மட்டும் பார்த்துக் கார்டு வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கி ஒன்றைக் குடா அல்லது கம்ப்யூட் என்றும், மற்றொன்றை வீடியோ டிகோட் என்றும் மாற்றுங்கள். குடா என்ற தேர்வு சில கணினிகளில் தெரியாது, அப்போது டிகோடை மட்டும் கவனித்தால் போதும். எந்த எஃபெக்டும் இல்லாத கோப்பை டைம்லைனில் ஓட்டும்போது வீடியோ டிகோட் வரைபடம் உயர்ந்தால் பிரிக்கும் வேலையைக் கார்டு செய்கிறது. அது தரையிலேயே கிடக்க, சிபியு உச்சத்துக்குப் போனால் கோப்பின் வகையைக் கார்டு ஏற்கவில்லை. உள் கிராபிக்ஸும் தனிக் கார்டும் ஜிபியு 0, ஜிபியு 1 என்று தனித்தனியே தெரியுமாதலால் இரண்டையும் பாருங்கள். பிறகு அதே கோப்பின்மேல் நான்கைந்து கிரேடிங் நோடுகளையும் ஒரு மங்கலாக்கலையும் போட்டு மீண்டும் ஓட்டுங்கள். முதல் ஓட்டம் சீராக இருந்து இது மட்டும் தடுமாறினால் கணிப்புத் திறன் போதவில்லை. கார்டின் நினைவக அளவு உச்சியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நினைவகம் போதவில்லை. இரண்டு ஓட்டங்களையும் கடை தரும் மாற்றிக்கொள்ளும் காலக்கெடு முடிவதற்குள், உங்கள் சொந்தக் கேமராவின் கோப்பிலேயே செய்து பார்த்துவிடுங்கள்.